எம்எக்ஸ்-5 பிரேக் கோளாறுகள்: அறிகுறி பார்த்துக் காரணம் பிடிப்பதும் பேடு வாங்குவதும்

மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பிரேக் கொஞ்சம் முரண்டு பிடித்தாலே பலரும் புதுப் பேடு (டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் உராய்வுக் கட்டை) ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் பெடல் அதே ஆழத்துக்குத்தான் போகும், சக்கரம் அதே மாதிரிதான் சுடும். இந்த வண்டியில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் பெரும்பாலும் பேடில் இருப்பதில்லை. பின்பக்கக் காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அட்ஜஸ்ட்மென்ட், காய்ந்துபோன ஸ்லைடர் (காலிப்பர் நழுவி நகரும் ஊசி), ஈரம் ஏறிய பிரேக் ஆயில் ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றையும் வீட்டு வாசலிலேயே சரிபார்க்கலாம். ஆகவே முதலில் அறிகுறி, பிறகு சோதனை, கடைசியில் கடை.

இங்கே சொல்வதெல்லாம் முதல் இரண்டு தலைமுறை வண்டிகளுக்கு: 1989இல் வந்த என்ஏ, 1998இலிருந்து 2005 வரை வந்த என்பி. ஜப்பானில் இதையே ரோட்ஸ்டர் என்றும் அமெரிக்காவில் மியாட்டா என்றும் சொல்வார்கள். வண்டி ஒன்றுதான். ஆனால் ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஒரு வேலை மாறும். அதை அந்த இடத்தில் சொல்கிறோம்.

## கை வைக்கும் முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். முன்பக்கத்தைத் தூக்க நடு கிராஸ்மெம்பர், பின்பக்கத்தைத் தூக்க டிஃபரன்ஷியல் உறையின் அடி. ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கீழே கை நீட்டக் கூடாது.

சக்கர நட்டுக்கு 21 மி.மீ. சாக்கெட். திரும்ப மாட்டும்போது 88 முதல் 118 நியூட்டன் மீட்டர் வரை, குறுக்கு வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து. காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டுப் போவதுதான் பின்னால் சொல்லப்போகும் நடுக்கத்துக்கு ஒரு காரணம்.

பேடு தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் தேய்த்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

## அறிகுறி 1: பெடல் ஆழமாகப் போகிறது

இதில் மூன்று கிளை உண்டு. வண்டியை ஓட்டாமல், என்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்துப் பாருங்கள்.

### ஆழமாகப் போகிறது, ஆனால் பிடித்த பிறகு கெட்டியாக நிற்கிறது

இரண்டு தடவை வேகமாக மிதித்தால் பெடல் மேலே வருகிறதா? ஹேண்ட் பிரேக்கும் ஏழு கிளிக்குக்கு மேல் எழும்புகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கோளாறு பின்பக்கக் காலிப்பரில்தான். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) வேண்டாம், பேடும் வாங்க வேண்டாம்.

இந்த இரண்டு தலைமுறையிலும் பேடைத் தள்ளும் பின்பக்க பிஸ்டனைக் கையால் அட்ஜஸ்ட் செய்ய ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். பேடு மாற்றுகிறவர்கள் அதைத் தெரியாமல் விட்டுவிடுவதுதான் பிரச்சினையின் வேர். சீ-கிளாம்ப் போட்டு அழுத்தினால் இந்த பிஸ்டன் உள்ளே போகாது. பலம் கொடுத்தால் உள்ளிருக்கும் அமைப்பு கெடும்.

செய்ய வேண்டியது:

1. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்குங்கள். முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள்.
2. காலிப்பரின் பின்புறத்தில், 14 மி.மீ. தலை கொண்ட ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றுங்கள். எண்ணெய் எதுவும் வராது. பக்கத்திலேயே ரப்பர் ஹோஸ் வந்து சேரும் போல்ட்டும் இருக்கிறது. அதைத் தொட்டால் ஆயில் கொட்டும், காற்றும் ஏறும். எது எது என்று விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஸ்பேனரை வையுங்கள்.
3. அந்தத் துளைக்குள் 4 மி.மீ. அலன் கீயை விடுங்கள். உள்ளே அறுகோணக் குழியில் உட்காருவது கையில் தெரியும்.
4. கடிகாரச் சுற்றில் திருப்பினால் பிஸ்டன் வெளியே வரும், எதிர்ச்சுற்றில் திருப்பினால் உள்ளே போகும். பேடு டிஸ்க்கைப் பிடித்து, கையால் டிஸ்க்கைச் சுற்ற முடியாத வரைக்கும் கடிகாரச் சுற்றில் திருப்புங்கள்.
5. அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்னுக்கு எடுங்கள். டிஸ்க் இப்போது லேசான உரசலோடு சுழல வேண்டும்.
6. மூடி போல்ட்டைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை எண்ணிப் பாருங்கள். ஐந்திலிருந்து ஏழு கிளிக் சரி.

இதைச் செய்த பிறகும் ஹேண்ட் பிரேக் உயரமாக இருந்தால்தான் லீவர் பக்கத்தில் இருக்கும் கேபிள் நட்டைத் தொட வேண்டும். வரிசையை மாற்றிக் கேபிளை முதலில் இறுக்கினால், காலிப்பர் மேலிருக்கும் நெம்புகோல் பாதி இழுத்த நிலையிலேயே நின்றுவிடும். பெடல் சரியானது போலத் தோன்றும், பின் சக்கரம் சூடாகிக்கொண்டே போகும்.

### மெத்தென்று இருக்கிறது, அழுத்த அழுத்த உள்ளே போகிறது

காற்று, அல்லது ஈரம் ஏறிய பிரேக் ஆயில். முதலில் ரிசர்வாயர் (பிரேக் ஆயில் தொட்டி) மூடியைத் திறந்து நிறம் பாருங்கள். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். டீ டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தால் சோதனையே தேவையில்லை, மாற்றுங்கள். தெளிவாகத் தெரிந்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றுங்கள். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். தர அளவுப்படி டாட் 3 புதிதாக 205 டிகிரியும் ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியும் தாங்கினால் போதும். டாட் 4க்கு அது 230, 155. டாட் 5.1க்கு 260, 180. சாலைக்கு நல்ல டாட் 4 போதும். டாட் 5 மட்டும் சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5.1 என்பது வேறு, அது டாட் 4 குடும்பம்தான். கடையில் எண்ணை இரண்டு தடவை படித்து வாங்குங்கள்.

ஏர் எடுக்க அரை லிட்டர் போதும். பழைய ஆயிலை முழுதாக வெளியேற்ற ஒரு லிட்டர் வாங்குங்கள். திறந்த டப்பாவில் மிச்சம் இருப்பதை அடுத்த வருடத்துக்கு என்று வைத்திருக்காதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் சிலிண்டர்) அதிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் ஏர் எடுக்கத் தொடங்குங்கள். வலதுபக்க ஸ்டீரிங் என்றால் (பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா) இடது பின், வலது பின், இடது முன், வலது முன். இடதுபக்க ஸ்டீரிங் என்றால் (கனடா, அமெரிக்கா, ஐரோப்பா) வலது பின், இடது பின், வலது முன், இடது முன்.

பெடல் மிதிக்க ஆள் இருந்தால் அவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: தரை வரைக்கும் மிதிக்கக் கூடாது. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையைப் போட்டுவிடுவது நல்லது. இருபது முப்பது வருட மாஸ்டர் சிலிண்டரில், வழக்கமாக பிஸ்டன் போகாத அடிப்பகுதி துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருக்கும். சீல் அதில் உரசினால் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று வருகிற புகார்களில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஏர் எடுத்த பிறகும் மெத்தென்றே இருந்தால் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். ஒருவர் பெடலை அழுத்த, இன்னொருவர் முன்பக்க ஹோஸைக் கையால் பிடித்தால் உப்புவது தெரியும். வெடிப்பு தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இன்னும் ஒரு காரணம், பேடு சாய்வாகத் தேய்ந்திருப்பது. அதற்கு அறிகுறி 5ஐப் பாருங்கள்.

### மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது

சிக்னலில் நிற்கும்போது கால் தானாகக் கீழே போகிறதா? வெளியே கசிவு இருக்கிறதா என்று நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் பாருங்கள். எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போய்விட்டது. பூஸ்டரோடு (கால் அழுத்தத்தைப் பெருக்கும் வெற்றிட டப்பா) சேரும் இடத்தில், மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தால் பின் சீலும் கசிகிறது.

இந்த நிலையில் வண்டியை ஓட்ட வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் மாற்றிப் பழக்கம் இல்லாதவர்கள் இங்கே மெக்கானிக்கை அழையுங்கள். பைப் நட்டின் முனை மழுங்கினால் இரும்பு பைப்பையே மாற்ற வேண்டி வரும். ஏபிஎஸ் இருக்கும் வண்டி என்றால் கட்டாயம் அழையுங்கள்.

## அறிகுறி 2: பெடல் கல் மாதிரி கெட்டி, வண்டி நிற்க மறுக்கிறது

எப்போது என்பதுதான் கேள்வி.

எப்போதுமே அப்படித்தான். பூஸ்டர் பக்கம் பாருங்கள். என்ஜினை அணைத்து, பெடலை ஐந்து தடவை மிதித்து, ஆறாவது தடவை அழுத்திப் பிடித்தபடி என்ஜினைப் போடுங்கள். கால் சட்டென்று கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் இன்டேக்கிலிருந்து வரும் வெற்றிட ஹோஸில் வெடிப்பு இருக்கலாம், அல்லது அதிலிருக்கும் ஒருவழி வால்வு கெட்டிருக்கலாம். வால்வை வாயில் வைத்து ஊதிப் பார்த்தால் ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். இரண்டும் சரியென்றால் பூஸ்டர்தான். அது மெக்கானிக் வேலை.

நீளமான இறக்கத்திலோ டிராக்கிலோ மட்டும். பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. அதே இடத்தில் பெடல் கெட்டியாக இல்லாமல் தொளதொளவென்று தரைக்குப் போனால், கொதித்தது ஆயில். இந்த வித்தியாசம் முக்கியம். பெடல் கெட்டி, பிடிப்பு இல்லை என்றால் பேடை மாற்றுங்கள். பெடலே இல்லை என்றால் ஆயிலை மாற்றுங்கள். பெடல் தொலைந்தவருக்கு விலை உயர்ந்த பேடு எந்த உதவியும் செய்யாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: கியரை இறக்கி வேகத்தைக் குறையுங்கள், பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். ஆயில் ஆறிய பிறகு பெடல் திரும்ப வந்துவிடும். வந்துவிட்டதே என்று அதே ஆயிலில் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள்.

புதுப் பேடு போட்ட முதல் வாரம். பேடு இன்னும் டிஸ்க்கில் படியவில்லை. பேடுக்காரர் கொடுத்த முறை அட்டையில் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். அட்டை இல்லையென்றால்: வண்டி இல்லாத சாலையில் மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரைக்கும் திடமாக, ஆனால் சக்கரம் லாக் ஆகாமல், எட்டிலிருந்து பத்து தடவை. நடுவில் ஒரு தடவைகூட முழுதாக நிற்கக் கூடாது. முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்துக்கொண்டு நின்றால், பேடு பட்ட இடத்தில் டிஸ்க்கில் ஒரு பட்டை பதிந்துவிடும். அடுத்த மாதம் அது நடுக்கமாகத் தெரியும்.

## அறிகுறி 3: கீச்சென்று சத்தம், அல்லது உரசல்

கீச்சொலி கேட்டதும் பேடு தடிமனைப் பாருங்கள். தேய்மானம் காட்டும் உலோக நாக்கு டிஸ்க்கைத் தொட ஆரம்பித்திருக்கலாம். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால், சாலையில் மட்டும் ஓட்டினாலும் மாற்றிவிடுங்கள். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் பாதித் தடிமனிலேயே மாற்றுங்கள். மெலிந்த பேடு சூட்டைத் தடுக்காது, நேராக பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் அனுப்பிவிடும்.

தடிமன் இருந்தும் கீச்சொலி என்றால்: பேடின் முதுகுத் தகடு காணாமல் போயிருக்கும், அல்லது பேடு உட்காரும் இடத்தில் துரு ஏறியிருக்கும், அல்லது இரண்டு பேடுக்கும் நடுவில் வரும் வளைந்த கம்பி ஸ்பிரிங்கைத் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பேடின் காதுகளிலும் முதுகிலும் மட்டும் பிரேக்குக்கென்றே வரும் கிரீஸை மெல்லப் பூசுங்கள். உராயும் முகத்தில் ஒரு துளி பட்டாலும் அந்தப் பேடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்குக்கென்று செய்த பேடு சாலையில் கீச்சிடும். அது கோளாறு இல்லை, எந்தக் கிரீஸும் அதை முழுதாக நிறுத்தாது.

இரும்போடு இரும்பு உரசும் கரகரப்பு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பேடின் முதுகு டிஸ்க்கை அறுக்கிறது. டிஸ்க்கும் சேர்த்து மாற்ற வேண்டும்.

## அறிகுறி 4: பிரேக் பிடிக்கும்போது நடுக்கம்

ஸ்டீரிங்கில் தெரிந்தால் முன்பக்கம், இருக்கையில் தெரிந்தால் பெரும்பாலும் பின்பக்கம். பிரேக் பிடிக்காமலே நடுங்கினால் இது பிரேக் கோளாறு இல்லை. வீல் பேலன்ஸ் பாருங்கள்.

டிஸ்க் வளைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் வளைவது அரிது. பேடுப் பூச்சு டிஸ்க்கில் ஒரே சீராகப் படியாமல் திட்டுத்திட்டாகப் படிவதும், டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருப்பதும்தான் வழக்கமான காரணங்கள். எளிதிலிருந்து வரிசையாக:

- நட்டை எல்லாம் தளர்த்தி, டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள்.
- மேலே சொன்ன படியவைக்கும் முறையை ஒரு தடவை திரும்பச் செய்யுங்கள். சாலைப் பேடு என்றால் பாதி நேரம் இதிலேயே தீரும்.
- டிஸ்க்கைக் கழற்றி ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் உட்புறத்தையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஹப்பில் ஒட்டிய ஒரு மெல்லிய துருச் செதில், டிஸ்க்கின் ஓரத்தில் பல மடங்காகப் பெருகித் தெரியும்.
- டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி டயல் கேஜ் வைத்து ஆட்டம் பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் இருந்தால் டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளங்கள். நான்கு நிலையிலும் குறையவில்லையென்றால் டிஸ்க் மாற்ற வேண்டும். புது டிஸ்க்கிலும் அதே ஆட்டம் என்றால் ஹப் பேரிங், மெக்கானிக்கிடம் போங்கள்.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். விளிம்பில் அளக்காதீர்கள், அங்கே தேயாத வரப்பு நிற்கும். பேடு ஓடும் பாதையில் மைக்ரோமீட்டர் வைத்து அளங்கள். புது டிஸ்க் வாங்கும்போது துளை போட்டது வேண்டாம். டிராக் சூட்டில் துளை ஓரத்திலிருந்துதான் விரிசல் தொடங்கும். சாதாரண டிஸ்க் போதும், ஆசைப்பட்டால் கோடு வெட்டியது.

## அறிகுறி 5: ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

டயர் காற்றை முதலில் சரிபாருங்கள். பிறகு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் போனாலே தெரியும்.

பிரேக் பிடிக்கும்போது வலப்பக்கம் இழுத்தால் கோளாறு பெரும்பாலும் இடப்பக்கக் காலிப்பரில் இருக்கும். வேலை செய்யாத பக்கத்தை விட்டு வேலை செய்யும் பக்கம்தான் இழுக்கும். பிரேக் பிடிக்காதபோதும் இழுத்தால் சுடுகிற சக்கரமே குற்றவாளி.

பேடை வெளியே எடுத்துப் பாருங்கள். தேய்ந்த விதமே காரணத்தைச் சொல்லிவிடும்:

- ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்து, ஆப்பு வடிவில்: இரண்டு ஸ்லைடரில் ஒன்று இறுகிவிட்டது.
- உள் பேடு மட்டும் தேய்ந்தால்: பிஸ்டன் திரும்பவில்லை, அல்லது காலிப்பர் நகரவே இல்லை.
- வெளிப் பேடு மட்டும் தேய்ந்தால்: ஸ்லைடர்.

ஸ்லைடரை விரலால் உள்ளேயும் வெளியேயும் தள்ளிப் பாருங்கள். இதமான தடையோடு நழுவி வர வேண்டும். திருகித்தான் எடுக்க முடிகிறது என்றால் உள்ளே கிரீஸ் பழுப்பு மெழுகாகக் காய்ந்திருக்கும், நுனியில் துரு வளையம் பிடித்திருக்கும். வெளியே எடுத்து பிரேக் கிளீனரால் கழுவி, குழியையும் துடைத்து, சிலிக்கான் அடிப்படையிலான பிரேக் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசி மாட்டுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். செம்பு கிரீஸும் இங்கே வேண்டாம். ரப்பர் உறை கிழிந்திருந்தால் கண்டிப்பாகப் புதிது போடுங்கள். கிழிந்த உறையோடு பூசிய கிரீஸ் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பின் சக்கரம் சுட்டால் ஹேண்ட் பிரேக் நெம்புகோலைப் பாருங்கள். காலிப்பரில் கேபிள் வந்து சேரும் கை, கேபிளை விட்டதும் தன் தடுப்பு வரைக்கும் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால், கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் ஆட்டுங்கள். சுலபமாக ஆடினால் கேபிள் கெட்டது, ஆடவில்லையென்றால் காலிப்பர் கெட்டது. உப்பு போடும் குளிர்நாட்டுச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் இது அடிக்கடி வரும். புதுப்பித்த காலிப்பர் ஜோடியாகக் கிடைக்கிறது. கிட் வாங்கி வீட்டில் பிரிப்பதைவிட அதையே வாங்கிப் போடுவது நல்லது. பின்பக்கக் காலிப்பரின் உள்ளமைப்பு முன்பக்கத்தைப் போல எளிமையானது இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் சக்கரம் விடவில்லை என்றால், இறுகியிருக்கும்போதே அந்தக் காலிப்பரின் நிப்பிளை (ஏர் எடுக்கும் திருகு) திறங்கள். ஆயில் பீறிட்டு சக்கரம் உடனே விட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது. பெரும்பாலும் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருக்கும். விடவில்லையென்றால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது.

## பேடு முடிந்தது உறுதியானால்: எதை வாங்குவது

முதலில் டிஸ்க்கின் விட்டத்தை அளங்கள். வருடத்தைச் சொல்லி வாங்கினால் தப்பான பேடு வர வாய்ப்பு அதிகம். 1.8 என்ஜின் வந்த பிறகும் ஐரோப்பாவில் 1.6 வண்டிகள் விற்பனையில் இருந்தன. பழைய வண்டிக்குப் பெரிய பிரேக் மாற்றியவர்களும் நிறைய. மூன்று செட் உண்டு:

- முன் 235, பின் 231 மி.மீ.: 1.6இன் சிறிய பிரேக்.
- முன் 255, பின் 251 மி.மீ.: 1.8உடன் வந்தது.
- முன் 270, பின் 276 மி.மீ.: 2001 மாடலிலிருந்து வந்த சில என்பி வண்டிகளின் ஸ்போர்ட் பிரேக்.

மூன்றுக்கும் பேடு வேறு வேறு.

பேடின் ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருந்தால் சூட்டில் பிடிப்பு குறையும் பேடு, மலைச்சாலைக்காரர்கள் தவிர்க்கலாம். இந்த எழுத்துகள் சத்தத்தையோ ஆயுளையோ டிஸ்க் தேய்மானத்தையோ சொல்லாது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் சாலையில் ஓட்டுவதற்கு ஆர்90 சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தினசரி வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் கம்பெனிப் பேடோ அதற்கு நிகரானதோ போதும். ஒரு டன் சுற்றியுள்ள எடையில் இந்த வண்டிக்கு அது தாராளம். வருடத்தில் சில நாள் டிராக், மற்ற நாள் சாலை என்றால் ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி யெல்லோஸ்டஃப் மாதிரி இடைநிலைப் பேடு. முழு டிராக் பேடை சாலைக்குப் போடாதீர்கள். காலையில் முதல் திருப்பத்தில், பேடு குளிர்ந்திருக்கும்போது, எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் பிடிக்கும். அதன் தூசி மழையில் நனைந்தால் வீல் பெயின்ட்டையும் அரிக்கும்.

முன்னும் பின்னும் ஒரே வகைப் பேடு போடுங்கள். பின்பக்கத்துக்கு மட்டும் வீரியமான பேடு போட்டால் வளைவில் பிரேக் தொட்டதும் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுழலும். முன்பக்கம் மட்டும் வீரியம் கூட்டினால் அந்த ஆபத்து குறைவு, ஆனால் பின்பக்கம் சும்மா வரும்.

பேடோடு சேர்த்து வாங்க வேண்டியவை: கம்பி ஸ்பிரிங்கும் கிளிப்பும் உள்ள கிட், நான்கு சக்கரத்துக்கும் ஸ்லைடர் ரப்பர் உறை, பிரேக் கிரீஸ், இரண்டு டப்பா பிரேக் கிளீனர், ஒரு லிட்டர் டாட் 4. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் முன் ரிசர்வாயரிலிருந்து கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வழியும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பி போட்டுக் கட்டுங்கள்.

## அறிகுறி 6: சிவப்பு பிரேக் விளக்கு

ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் எரிந்தால் ரிசர்வாயர் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றாதீர்கள். பேடு தேயத் தேய மட்டம் இறங்குவது இயல்பு, ஆகவே பேடைப் பாருங்கள். பேடு தடிமனாக இருந்தும் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கண்டுபிடிக்கும்வரை ஓட்ட வேண்டாம்.

## பிரேக்கை ஒட்டிய வேறு சில அறிகுறிகள்

கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டுகிறது, ரிவர்ஸ் விழ மறுக்கிறது. கிளட்ச்சுக்குத் தனிச் சிறு ரிசர்வாயர் உண்டு. அதில் ஆயில் கறுத்திருந்தால் சீல் கரைகிறது. கியர்பாக்ஸ் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் ஸ்லேவ் முடிந்தது. இந்த வண்டியில் மிகச் சாதாரணமாக வரும் கோளாறு. ஸ்லேவையும் மாஸ்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றைப் புதிதாக்கினால் மற்றதும் விரைவில் கசியும்.

கியர் பெட்டிக்கு மேலிருந்து எண்ணெய் சொட்டு (என்ஏ). பெரிய ஆயில் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன், சிலிண்டர் தலையின் பின்முனையில் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங்கைப் பாருங்கள். சில ரூபாய் ரப்பர் அது. கழற்றும் முன் சென்சாரின் நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இக்னிஷன் டைமிங் அதில்தான் அமைந்திருக்கிறது. ஓ-ரிங் மாற்றியும் சொட்டினால்தான் பெரிய வேலைக்கு மெக்கானிக்.

மேடேறும்போதும் மழையிலும் என்ஜின் திக்கித் திணறுகிறது. பிளக் ஒயர் செட். இருட்டில் பானட் திறந்து ஒயர் மேல் தண்ணீர்த் துளி தெளித்தால் நீலப் பொறி தெரியும். பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள், இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பு மாறிப் பச்சை கலந்த பழுப்பாகிவிட்டது. இன்னும் கசியவில்லை என்று காத்திருக்காதீர்கள். அந்த நிறம் வந்த பிளாஸ்டிக் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்.

டிக்கியில் பேட்டரிப் பக்கம் துரு. இந்த வண்டியின் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. வாயு வெளியேறும் குழாய் உள்ள சீல் செய்த பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண ஆசிட் பேட்டரி வைத்திருந்தால் உடனே மாற்றி, குழாய் இரண்டையும் தரைத் துளைக்குள் விட்டு, துருவைச் சுரண்டி பெயின்ட் அடியுங்கள். தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் வெல்டரிடம் கொண்டுபோங்கள்.